ஆறுதல்புரத்து நடுப்பாதை

ஆறுதல்புரத்து ஆலயத்தின் நடுப்பாதை முதன்முதலாக ஒரு முழம் அகன்றபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சுகளைத் துடைக்கிறவர்கள் இழுத்துப் போட்டிருப்பார்கள் என்று சிலரும், பழைய கட்டடம் என்றால் அப்படி இப்படி அசையத்தான் செய்யும் என்று சிலரும் சொல்லிக்கொண்டு, வடக்குப் பெஞ்சுக்காரர்கள் வடக்கிலும் தெற்குப் பெஞ்சுக்காரர்கள் தெற்கிலும் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் முதல் பாட்டைப் பாடினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதை மாட்டுவண்டி போகிற அகலம் ஆனது. மழைக்காலம் முடிவதற்குள் பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு விரிந்துவிட்டது. வெளியே நின்று பார்த்தால் கோயில் அதே கோயில்தான். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் அதே சுண்ணாம்புச் சுவர், அதே ஓட்டுக்கூரை, ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம். உள்ளே போனால்தான் இந்தக் கூத்து.

சண்டை பாத்திரத்தைப் பற்றியது. நற்கருணை நாளில் திராட்சரசம் நிறைந்த ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் சபையார் எல்லோரும் வரிசையாக வாய் வைத்துக் குடிப்பதுதான் அந்த ஊர் வழக்கம். காய்ச்சல் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போன வருஷத்துக்குப் பிறகு, இனி ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைப்போம் என்று பாதிப்பேர் சொன்னார்கள், கூடாது என்று பாதிப்பேர் சொன்னார்கள். ஒரே ஆண்டவரைக் கும்பிடுகிறவர்கள், ஒரே விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் சொல்கிறவர்கள், பிள்ளைகளை ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானத்துக்குக் கொடுத்தவர்கள், கிண்ணமா பாத்திரமா என்று வந்ததும் ஆளுக்கொரு வேதபுத்தகத்தை விரித்து ஒரே வசனத்தை எதிரெதிராகப் படித்தார்கள். பாத்திரக் கட்சியையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரு கிணற்றில் தண்ணீர் எடுக்காத காலத்தில், இரண்டு தெருவும் முதன்முதலாக ஒன்றாக வாய் வைத்தது அந்தப் பாத்திரத்தில்தான். அதை இன்றைக்கு ஆளுக்கொரு கிண்ணமாக்கினால் நாளைக்குத் தெருவுக்கொரு கிண்ணம் வரும் என்று அவர்கள் பயந்தார்கள். பயம் இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் இருந்தது. பேச்சுதான் நியாயமாக இல்லை.

அந்தப் பேச்சில் பாதி, ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற குணசீலியின் வாயிலிருந்து வந்தது. அவள் புருஷன் தவமணி பஸ் ஓட்டினவர், கோபமே வராத மனுஷர், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர் படுக்கையில் விழுவதற்கு முந்தின ஞாயிறு நற்கருணை நாள். அன்றைக்கு ஐயருக்கு ஒத்தாசையாகப் பாத்திரத்தை ஏந்தி ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்தவன் குணசீலியின் கூடப்பிறந்த தம்பி மாசிலாமணி. (குருவானவரை ஐயர் என்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்.) சபைக் கூட்டத்தில் மாசிலாமணி எழுந்து, ஆண்டவர் கொடுத்த பாத்திரத்தில் நோய் ஒட்டாது என்றபோது குணசீலிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அந்தப் பாத்திரந்தான் எம்புருஷனக் கொன்னுச்சு. அத ஏந்தி வாயில ஊத்தினது நீ," என்றாள். அவன் முகம் வெளுத்து, "ஒனக்கு விசுவாசம் இல்ல, அதான் அத்தான் போயிட்டாவ," என்றான். அந்த நேரத்தில்தான் பெஞ்சுகள் முதல் முழம் விலகின. நீரடித்து நீர் விலகாது என்பார்கள், ஆறுதல்புரத்தில் விலகியது.

விலகினதை ஊர் பழகிக்கொண்டது, எதைத்தான் ஊர் பழகிக்கொள்ளாது. முன்பு வடக்கே ஆண்கள், தெற்கே பெண்கள் என்று இருந்த வரிசை, வடக்கே கிண்ணம், தெற்கே பாத்திரம் என்று மாறியது. பாதையின் தரையோடுகளுக்கு நடுவே தேரிமணல் ஊறி வந்து, செக்கச்செவேலென்று மேடு தட்டி, பிறகு அதில் முள்ளுள்ள உடைமரம் முளைத்தது. யாருடையதோ ஆடுகள் உள்ளே வந்து மேய்ந்தன, அவற்றை விரட்டுவது எந்தக் கட்சியின் வேலை என்று ஒரு கூட்டம் நடந்து முடிவு எட்டாமல் கலைந்தது. வெளியே சுற்றிப் போய் எதிர்ப்பக்க வாசலில் நுழைந்தால் என்ன என்று சில புத்திசாலிகள் முயன்று பார்த்தார்கள், எந்த வாசலில் நுழைந்தாலும் அவரவர் பெஞ்சுக்கே போய்ச் சேர்ந்தார்கள். பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடுகிற கிராதியும் பாதையோடு சேர்ந்து நீண்டுவிட்டதால், ஐயர் சட்டைக் காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு, அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வடக்கே கிண்ணங்களைக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறித் தெற்கே பாத்திரம் கொடுக்கப் போனார். இரண்டு பக்கமும் தொங்கின ஒலிபெருக்கிகளில் அவர் மூச்சு வாங்குவதும் பெடலின் கிறீச்சும் ஆராதனையின் ஒரு பகுதி போலவே கேட்டுப் பழகிவிட்டது. வடக்கே பாடுகிற பாட்டின் இரண்டாம் சரணம் தெற்கே போய்ச் சேரும்போது அவர்கள் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேராயர் வந்தார், வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார், ஒரு கமிட்டி போட்டார். கமிட்டிக்காரர்கள் அளக்க நடுவில் போய், நடுவிலேயே சண்டை போட்டுக்கொண்டு திரும்பினார்கள், பாதை இன்னும் அகன்றது.

கடக்க முயன்றவர்களும் உண்டு. கொடுக்கல் வாங்கலுக்கு, சம்பந்தம் பேச, ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்க்க என்று போனார்கள். கொஞ்ச தூரம் போனதும் எதிர்ப்பெஞ்சு இன்னும் தள்ளிப்போய்விடும், திரும்பிப் பார்த்தால் சொந்தப் பெஞ்சு மட்டும் பக்கத்தில் இருக்கும், வந்துவிடுவார்கள். ஊரில் பார்த்தால் பேசமாட்டார்களா என்றால், ஊரில் பக்கத்துப் பக்கத்து வீடுதான், குழாயடியில் குடம் உரசத்தான் செய்யும். ஆனால் உரசின குடத்தைக் கழுவிக்கொண்டு போகிற அளவுக்கு வந்துவிட்டது. போதாததற்கு அந்த வருஷம் பீடத்து மேசையில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. தெற்குக்காரர்கள் தனிக் கோயிலுக்கு இடம் பார்க்கிறார்கள் என்று வடக்கிலும், வடக்குக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று தெற்கிலும் பேசிக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் குணசீலியின் மகள் பெர்சிஸுக்குக் கல்யாணம் குறித்தது.

மாப்பிள்ளை சாயல்குடிப் பக்கம், நல்ல பையன். ஆனால் அப்பா இல்லாத பெண்ணைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் தாய்மாமன். மாசிலாமணியோ அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெர்சிஸ் அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்து, "எம்மா, மாமா வரலன்னா நான் அந்தக் காட்டுக்குள்ள தனியா நடந்து போகமாட்டேன். ரெண்டு பக்கமும் ஒரு முகம் தெரியாது, ஒரு சத்தம் கேக்காது. அதுக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருதோம்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் குணசீலி சமாதானம் சொல்லியிருப்பாள். அழாததால் தட்டில் பழமும் வெற்றிலையும் கற்கண்டும் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

மாசிலாமணி முற்றத்தில் நார்க்கட்டில் பின்னிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான், அந்த மரியாதை குறையவில்லை.

"காபி குடிச்சிட்டுப் போ அக்கா," என்றான்.

"காபி கெடக்கட்டும். கல்யாணத்துக்கு வருவியால?"

"பெர்சிஸ் எம்மருமவ. நான் வராம யாரு வருவா? ஆனா எந்த எடத்துல அவ கையப் புடிக்கச் சொல்லுத? அந்தக் கோயில்ல. அங்க வச்சி, அத்தன சனம் முன்னால, எம்மேல கொலைப்பழி போட்ட. சபையில விட்ட சொல்ல சபையிலதான் எடுக்கணும். நான் இருக்கிற பெஞ்சுக்கு வந்து கூப்புடு, வாரேன்."

"நீ சொன்னது மட்டும் சின்னச் சொல்லால?"

அவன் நாரை இழுத்துக் கட்டினான். அவன் பெண்டாட்டி கனகபாய் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குணசீலி தட்டோடு திரும்பிவிட்டாள். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே வயிற்றில் பிறந்தால் இப்படித்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தது, அது நற்கருணை ஞாயிறு. முதல் பாட்டு முடிந்ததும் குணசீலி அதே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, வடக்குப் பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, நடுப்பாதைக்குள் இறங்கினாள். "எங்கம்மா போற?" என்று யாரோ கேட்டார்கள். "வீட்டுக் காரியம்," என்றாள். கோயிலுக்குள் செருப்பு இல்லை. மணல் காலைச் சுட்டது.

நடக்க நடக்க அவள் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்தினாள். நான் சொன்னது தப்புதான், ஆனால் நீ சொன்னது அதைவிடத் தப்பு. நான் நர்ஸ், எச்சிலில் என்ன பரவும் என்று எனக்குத் தெரியாதா. மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நீ எப்படி அந்தப் பாத்திரத்தை இன்னும் ஏந்துகிறாய். நல்ல நல்ல வாதங்களாக வந்தன, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கூர்மையாக, மறுக்க முடியாததாக வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் தெற்குப் பெஞ்சுகள் ஒரு கூப்பிடு தூரம் பின்னால் போயின. ஒலிபெருக்கியில் ஐயரின் பிரசங்கம் காற்றில் துண்டு துண்டாக வந்தது. ஜன்னல் வெயில் ஒரு மணல்மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு மாறியது. உடைமுள் சேலையைக் கிழித்தது. ஓரிடத்தில் எதிர்த்திசையில் போகிற காலடித் தடங்கள் கிடந்தன, புதிதாக இருந்தன. யாரோ ஆட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப்போனாள்.

பிறகு வாதங்கள் தீர்ந்துபோயின. அப்படி ஒரு நாள் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. நாக்கு வறண்டு, தட்டு கனத்து, திரும்பிப் பார்த்தால் சொந்தப் பெஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, முன்னால் ஒன்றுமே தெரியாமல் நின்றபோது, தவமணியை அடக்கம் பண்ணின நாள் நினைவுக்கு வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் யாரையும் விடாத நாட்கள் அவை. பிளாஸ்டிக்கில் சுற்றி யார் யாரோ இறக்கினார்கள், அவளையும் விடவில்லை. அவள் வீட்டு மாடியில் நின்று பார்த்தாள். தோட்டத்துச் சுவருக்கு வெளியே மாசிலாமணி வெயிலில் நின்றுகொண்டு, ஒரு பிடி மண்ணைச் சுவருக்கு மேலே எறிந்தான். அது உள்ளே விழாமல் அவன் தலைமேலேயே விழுந்தது. மறுபடி எறிந்தான். மண் குழிக்குப் போய்ச் சேராது என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் எறிந்துகொண்டே இருந்தான். அவள் அதை மூன்று வருஷமாக மறந்திருந்தாள். எப்படி மறந்தேன் பாவி என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவனும்தான் அந்தப் பாத்திரத்தை நினைத்து நினைத்துச் செத்திருப்பான், அதில் நோய் இருந்தது என்று ஒத்துக்கொண்டால் அவன் எப்படி உயிரோடு இருப்பான். அவள் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒன்றையும் யோசிக்காமல் நடந்தாள். தெற்குப் பெஞ்சுகள் வந்துவிட்டன.

மாசிலாமணி உட்காருகிற இடம் காலியாக இருந்தது.

தெற்குச் சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. கனகபாய் மட்டும் எழுந்து வந்து அவள் கையிலிருந்த தட்டை வாங்கினாள்.

"அவன் எங்க?" என்றாள் குணசீலி.

"ஒங்களத் தேடித்தான் மைனி போயிருக்காவ. முதப் பாட்டு முடிஞ்சதும் எறங்கிட்டாவ. எத்தன நாளைக்குத்தான் அக்காள வரச் சொல்லிட்டு நான் கல்லு மாதிரி இருப்பேன்னாவ."

குணசீலி அப்படியே தம்பியின் இடத்தில் உட்கார்ந்தாள். இத்தனை தூரம் வந்து, அவன் இருக்கிற பெஞ்சுக்கு வந்து, அவன் இல்லை. அவனும் இந்நேரம் வடக்கே போய் அவளுடைய வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். திரும்பி நடக்க நேரம் இல்லை. கிராதியில் முழங்கால் போட ஆட்கள் எழுந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் சைக்கிள் கிறீச்சிட்டது, ஐயர் வந்துகொண்டிருந்தார்.

"வாங்க மைனி," என்று கனகபாய் கையைப் பிடித்தாள். போகாமல் இருந்தால் இவர்கள் முன்னால் மறுபடி ஒரு சண்டை. போனால் அந்தப் பாத்திரம். குணசீலி போய் முழங்கால் போட்டாள். வரிசையில் இருந்தவர்களின் உதடுகளை ஒவ்வொன்றாகப் பாத்திரம் தொட்டு வருவதை அவள் பார்த்தாள். வெடித்த உதடுகள், வெற்றிலைச் சிவப்பேறிய உதடுகள். ஐயர் துணியால் விளிம்பைத் துடைத்துத் துடைத்துத் திருப்பினார். தவமணியின் உதடு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஐயர் அப்பத்தை அவள் கையில் வைத்தார். பாத்திரத்தை எடுத்தவர், எதிரே இருப்பது யாரென்று பார்த்து நின்றுவிட்டார். மெல்லக் குனிந்தார்.

"மாசிலாமணி அங்க ஒங்க எடத்துல இருக்கான்," என்றார். "அப்பத்த வாங்கிக்கிட்டான். கிண்ணத்தட்ட நீட்டினேன், எடுக்க மனசு வரல, தள்ளவும் இல்ல. கும்பிட்டுட்டு இருந்துட்டான். மைக்கப் பொத்திட்டு எங்காதுல ஒண்ணு சொல்லிவிட்டான். அக்கா ஒருவேளை அங்க வந்திருந்தா பாத்திரத்த நீட்டாதிய, அவ பயப்படுவான்னு சொன்னான்."

காலர் மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் இது வடக்கிலும் தெற்கிலும் எல்லோருக்கும் கேட்டது. தெற்கே பின்வரிசையில் ஒருவர், "பாத்திரம் வேண்டாதவளுக்கு இங்க என்ன வேல," என்றார். கனகபாய் முழங்காலில் இருந்தபடியே திரும்பி, "சித்தப்பா, அவிய அப்பம் வாங்கியிருக்காவ. ஒரே அப்பந்தான. வாய மூடிட்டு ஜெபம் பண்ணுங்க," என்றாள்.

குணசீலி பாத்திரத்தைப் பார்த்தாள். குடிக்கவில்லை. குடிக்க அவளால் முடியாது, இன்றைக்கும் முடியாது, இனிமேலும் முடியாமல் போகலாம். ஆனால் அவள் ஐயரின் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"எய்யா, சபையில சொன்னத சபையில எடுக்கணும்னான் எந்தம்பி," என்றாள். "மாசிலா, அங்க இருந்து கேக்குதியோ என்னவோ. எம்புருஷன நீ கொல்லல. பாத்திரத்துல இருந்துச்சா, பஸ்ஸுல இருந்துச்சா, நான் ஆஸ்பத்திரியிலருந்து என் சேலையில கொண்டாந்தனா, அது கர்த்தருக்குத்தான் தெரியும். எம்மேல இருக்குமோன்னு பயந்துதான் ஒம்மேல தூக்கிப் போட்டேன். அவிய கடைசியா வாங்கின நற்கருணை ஒங்கையாலதான் வாங்கினாவ. வேற யார் கையாலயும் இல்லங்கிறது எனக்கு ஆறுதல்தான். நான் கிண்ணத்துலதான் குடிப்பேன்ல. நீ பாத்திரத்துலயே குடி. பிள்ள கையப் புடிக்க வா."

ஒலிபெருக்கி அதை எடுத்துக்கொண்டு மணலுக்கு மேலாகப் போயிற்று. வடக்கே ஒலிபெருக்கி உண்டு, ஆனால் பேச மைக் கிடையாது; ஐயர் சைக்கிளில் திரும்பிப் போய் அவன் முன்னால் குனிந்தால்தான் பதில் வரும். அவனுக்குக் கேட்டதோ, கேட்டும் எழுந்து வெளியே போய்விட்டானோ. குணசீலி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைப் போல நீளமான ஒன்றை அவள் பிரசவ வார்டிலும் கண்டதில்லை.

"நான் சொன்னதும் தப்புதான் அக்கா," என்றான் மாசிலாமணி.

அவன் கத்தவில்லை. மைக்கில் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வது போலத்தான் சொன்னான். அவளுக்குக் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கிராதியின் மறுமுனையில், நாலு ஆள் தள்ளி, தலையிலும் சட்டையிலும் செம்மண்ணோடு அவன் முழங்காலில் இருந்தான். மணலில் வழி தெரியாமல் ஒரு ஆடு மட்டும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது.

அதற்காக ஆறுதல்புரத்தில் எல்லோரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைக்கும் வடக்கே கிண்ணம், தெற்கே பாத்திரம். சைக்கிள் மட்டும் தேவைப்படவில்லை. அவரவர் மனசாட்சி அவரவர்க்கு என்று ஐயர் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டார், மேசையின் விரிசல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சில ஞாயிறுகளில் யாராவது யாரையாவது குத்திப் பேசினால் பெஞ்சு லேசாக முனகும். உடனே பக்கத்தில் இருப்பவர் தொடையில் தட்டிப் பேச்சை நிறுத்திவிடுவார்.

நடுப்பாதையும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. முன்பு அது இரண்டு பேர் உரசாமல் போக முடியாத பாதை. கல்யாணத்தன்று பெர்சிஸ் வாசலில் வந்து நின்றபோது அதில் மூன்று பேர் பக்கத்துப் பக்கத்தில் நடக்க இடம் இருந்தது; மாமன் ஒரு கையைப் பிடிக்க, அப்பா இல்லாத பக்கம் வெறுமையாகத் தொங்கின மறுகையை, வழக்கம் இல்லாவிட்டாலும், குணசீலி போய்ப் பிடித்துக்கொண்டாள்.